சோற்றுக்கு அடியில் பிறை

ஒடாஹுஹு, ஒக்லாந்து
09.02.2025

அன்புள்ள வித்தியா மச்சாளுக்கு,

நாங்கள் சுகமாக வந்து சேர்ந்துவிட்டோம். நீங்களும் மாமா மாமியும் சுகமா? மாமாவின் முழங்கால் வீக்கம் வற்றிவிட்டதா?

வீட்டுக்குள் நுழைந்ததும் முதலில் என் கண்ணில் பட்டது, குசினியில் சாமிப்படங்களுக்குக் கீழே சாய்த்து வைத்திருக்கும் பெரிய பித்தளைத் தட்டு. நாங்கள் ஊரில் நின்ற நாட்களில் யாரும் துடைக்காமல் மங்கிப் போயிருந்தது. நடுவில் இருந்த குங்குமம் காய்ந்து வெடித்திருந்தது. அம்மா சூட்கேசைக்கூடத் திறக்காமல் அதை எடுத்துப் புளி போட்டு மினுக்கினார். நான் பக்கத்தில் நின்று பார்த்தேன்.

தொலைபேசி இருக்கும்போது ஏன் கடிதம் என்று சிரிப்பீர்கள். என் தொலைபேசியை அம்மா எடுத்துப் பார்ப்பார். குரலில் சொல்ல எனக்கு வராது என்பது உங்களுக்குத் தெரியும். எழுதினால் கொஞ்சம் வரும்.

மஸ்தான் அவுலியா அடங்கிய சியாரத்தில், கந்தூரிச் சாப்பாட்டில் நான் நடந்துகொண்டதைப் பற்றித்தான் எழுத வேண்டும். நீங்கள் தள்ளி வேறு சஹன் தட்டைச் சுற்றி இருந்ததால் நடந்தது முழுதாக உங்களுக்குத் தெரியாது. நான் உங்களுடனேயே இருக்கலாம் என்றுதான் வந்தேன். ஆனால் உங்கள் தோழி பஸ்மியாவின் உம்மா சஹீரா மாமி என் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டுபோய் முதல் சஹனில் இருத்தினார். "இது ஆர் தெரியுமோ? எங்கட இராசநாயகத்தாரின்ர பேத்தி. நாங்க வெளிக்கிட்டுப் போகேக்க எங்கட சாமானைப் பொறுப்பெடுத்த மனிசன்" என்று சுற்றி இருந்தவர்களுக்குச் சொன்னார். ஒரு வயதானவர் என் தலையைத் தடவினார். பெரிய தட்டில் சோறும் இறைச்சியும் வந்தது. ஆறு பேரும் ஒரே தட்டில் கை வைத்தோம். சஹீரா மாமி நல்ல துண்டுகளை என் பக்கம் தள்ளிக்கொண்டே இருந்தார்.

நான் பாதியில் எழும்பிவிட்டேன். எல்லோரும் முடிக்கும்வரை சஹனில் இருந்து யாரும் எழும்பக் கூடாது என்று எனக்குத் தெரியாது. நான் எழும்பியதும் மற்ற ஐந்து பேரின் கையும் அப்படியே நின்றது.

எனக்கு வயிற்றுவலி. அதுதான் காரணம். அவர்களிடம் சொல்லிவிடுங்கள்.

மாமியின் தோசைக்கு என் அன்பு.

லக்ஷிகா


யாழ்ப்பாணம்
05.03.2025

அன்பு லக்ஷி,

இங்கே எல்லோரும் சுகம். அப்பாவின் முழங்கால் வற்றிவிட்டது, வாய்தான் வற்றவில்லை. உன் கடிதத்தைத் தபால்காரர் இரண்டு தரம் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுத் தந்தார். எங்கள் ஒழுங்கைக்கு வங்கிக் கடிதம் தவிர வேறொன்றும் வருவதில்லையாம்.

வயிற்றுவலி என்று எழுதியிருக்கிறாய். நானும் அப்படித்தான் சொல்லிப் பார்த்தேன். ஆனால் நீ கிணற்றடியில் நின்று சவர்க்காரம் போட்டுப் போட்டு வலது கையைத் தேய்த்ததைப் பஸ்மியா பார்த்திருக்கிறாள். நானும் பார்த்தேன். வயிற்றுவலிக்காரர் வயிற்றைப் பிடிப்பார்கள், லக்ஷி.

பஸ்மியாவும் நானும் ஒரே தையல் கடையில், எதிரெதிர் மெசினில் இருக்கிறவர்கள். மத்தியானம் இரண்டு பேரின் சாப்பாட்டையும் நடுவில் வைத்துத்தான் சாப்பிடுவோம். கந்தூரிக்குப் பிறகு அவள் தன் பெட்டியைத் தன் மடியில் வைத்துக்கொள்கிறாள். ஏன் என்று கேட்டேன். "உங்கட ஆக்களுக்கு எங்கட கை பட்டது ஒத்துவராது எண்டு இப்பதான் தெரியும்" என்றாள். "என்ன, என்னையும் சேர்த்தோ சொல்லுறாய்?" என்றேன். "நீ இஞ்ச இருக்கிறபடியால் மறைக்கிறாய். அது வெளிநாட்டில இருக்கிறபடியால் மறைக்கேல்லை" என்றாள். அன்று நான் தைத்த சட்டையின் இரண்டு கையும் இடப்பக்கக் கை.

நீ அந்தத் தெருவைப் பார்த்தாய்தானே. கூரையில்லாத வீடுகளுக்குள் பூவரசு நிற்கிறது. திரும்பி வந்தவர்கள் கொஞ்சப் பேர். அவர்கள் சோறு போட்டுக் கூப்பிடும்போது, யார் வருகிறார்கள், யார் இருந்து சாப்பிடுகிறார்கள் என்று பார்ப்பார்கள். நானும் அவர்கள் இடத்தில் இருந்தால் பார்ப்பேன். உன் அம்மாவும் தலையிடி என்று அன்று வரவில்லை. அதையும் பார்த்திருப்பார்கள்.

எனக்கு உண்மையான காரணம் எழுது. அருவருப்பு என்றாலும் எழுது. நான் ஒன்றும் செய்யமாட்டேன், ஊருக்கு வரும்போது தலையில் குட்டுவேன், அவ்வளவுதான்.

குளிருக்குக் காதை மூடு.

வித்தியா


ஒடாஹுஹு
31.03.2025

அன்புள்ள மச்சாள்,

எல்லோரும் சுகம் என்று அறிந்து சந்தோசம். இங்கே அப்பாவுக்கு இருமல், அம்மாவுக்குக் குறை ஒன்றும் இல்லை. எனக்குப் பென்ரோஸில் உள்ள சலவைத் தொழிற்சாலையில் வேலையை நிரந்தரம் ஆக்கிவிட்டார்கள். ஆஸ்பத்திரிப் போர்வைகளை மடிக்கிற இயந்திரத்தில் நிற்கிறேன். அந்தச் சத்தத்தில் யாரும் கதைக்க மாட்டார்கள். அதனால் எனக்கு அந்த வேலை பிடிக்கும்.

பள்ளிக்கூடத்தை ஏன் விட்டாய் என்று நீங்கள் கேட்டபோது நான் சிரித்துச் சமாளித்தேன். வகுப்புக்கு முன்னால் நின்று கதைக்கும் முறை வரும் நாட்களில் நான் கழிப்பறைக்குள் இருந்துவிடுவேன். பிறகு எல்லா நாளும் இருந்தேன். அவ்வளவுதான் கதை. அதைச் சொல்லவே எனக்கு இவ்வளவு காலம் எடுத்திருக்கிறது. நீங்கள் கேட்ட மற்றக் காரணத்துக்கும் கொஞ்சம் காலம் தாருங்கள்.

அருவருப்பு இல்லை. அதை மட்டும் நம்புங்கள்.

ஒன்று கேட்கிறேன். கந்தூரியில் எல்லாச் சஹனும் ஒரே மாதிரி வெள்ளைத் தட்டு. ஒன்று மட்டும் அலுமினியத் தாம்பாளம். அது ஏன்? பஸ்மியாவிடம் கேட்க வேண்டாம். உங்களுக்குத் தெரிந்தால் எழுதுங்கள்.

மாமாவையும் மாமியையும் கேட்டதாகச் சொல்லுங்கள்.

லக்ஷிகா


யாழ்ப்பாணம்
22.04.2025

அன்பு லக்ஷி,

சுகமா? புதுவருசத்துக்கு உனக்கும் சேர்த்துக் கைவிசேடம் வாங்கி நானே செலவழித்துவிட்டேன். நிரந்தர வேலைக்கு வாழ்த்து.

உலகத்தில் எவ்வளவோ இருக்க, அலுமினியத் தாம்பாளத்தைக் கேட்கிறாய். சரி, கேள். அந்தத் தட்டுகள் பழைய காலத்தில் ஒரு பெண் நேர்த்தி வைத்துச் சியாரத்துக்குச் செய்து கொடுத்தவை. பித்தளையில் அடித்து, வெள்ளையாக ஈயம் பூசியவை. எல்லாத் தட்டின் நடுவிலும் ஒரே முத்திரை. தொண்ணூறில் இயக்கம் முஸ்லிம் ஆட்கள் எல்லோரையும் வெளியேறச் சொன்னபோது, சஹீரா மாமியின் மாமனார்தான் சியாரத்தைப் பார்த்துக்கொண்டவர். கைக்கு எட்டியதை எடுக்கவே நேரம் இல்லை. அவர் தட்டுப் பெட்டியைச் சியாரத்துக்குப் பின்னால் மணலில் தாட்டுவிட்டுப் போனார். வந்து தோண்டியபோது அப்படியே இருந்தது. ஒரு தட்டு மட்டும் அன்று சஹீரா மாமியின் வீட்டில் கழுவிக் காயவைத்தபடி இருந்ததாம். அதைத்தான் அவ வேலிக்கு மேலால் அப்பப்பாவின் கையில் கொடுத்திருக்கிறா. எனக்கு அப்பப்பா, உனக்கு அம்மப்பா. அவர் அதைப் பத்திரமாகத்தான் வைத்திருந்தார். தொண்ணூற்றைந்து இடப்பெயர்வில் தொலைந்துவிட்டது. அதற்குப் பதில்தான் அந்த அலுமினியத் தாம்பாளம். சமாதான காலத்தில் பாதை திறந்து அவர்கள் வந்து கேட்டபோது அப்பப்பா கண் கலங்கினாராம். சஹீரா மாமி இன்றைக்கும் அதைச் சொல்லித்தான் அவரைப் பெருமையாகக் கதைப்பா. உன்னை முதல் சஹனில் இருத்தினதும் அதற்காகத்தான்.

பஸ்மியா இன்னும் பெட்டியை மடியில்தான் வைத்திருக்கிறாள். ஆனால் எனக்கு ஒரு யோசனை வந்திருக்கிறது. நீ கொண்டுவந்து தந்த, நீ பெரியபிள்ளையான சாமத்தியவீட்டு அல்பத்தை ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வீட்டுக்குக் கொண்டுபோகப் போகிறேன். ஆலாத்தி எடுக்கும்போது நீ மூக்குச் சிந்துகிற படம் ஒன்று இருக்கிறதே, அதைப் பார்த்தால் எந்தக் கோபமும் நிற்காது. வெளிநாட்டுத் திமிர் பிடித்த பிள்ளை இல்லை, பயந்தாங்கொள்ளி என்று விளங்கிவிடும்.

உடம்பைப் பார்த்துக்கொள். அம்மாவுக்கு என் அன்பு.

வித்தியா


ஒடாஹுஹு
12.05.2025

அன்புள்ள மச்சாள்,

சுகமாக இருக்கிறீர்கள் என்று நம்புகிறேன். நாங்கள் இருக்கிறோம்.

உங்கள் கடிதம் வந்த உடனேயே, அல்பத்தைக் காட்ட வேண்டாம் என்று தொலைபேசியில் செய்தி அனுப்பினேன். "காட்டி முடிஞ்சுது, ஏன்?" என்று கேட்டிருந்தீர்கள். நான் பதில் போடாமல் செய்தியை அழித்துவிட்டேன். பதிலை இங்கே எழுதுகிறேன்.

நீங்கள் சொன்ன அந்தப் படத்தை எடுத்துப் பாருங்கள். என்னைப் பார்க்க வேண்டாம். ஆலாத்திச் சாமான் வைத்திருக்கிற தட்டைப் பாருங்கள். அதுதான் எங்கள் குசினியில் சாமிப்படங்களுக்குக் கீழே இருக்கிற தட்டு. ஈயம் எல்லாம் தேய்ந்து மஞ்சளாக இருக்கிறது. அதனால் சியாரத்தில் வெள்ளைத் தட்டுகளைப் பார்த்தபோது எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.

சோறு குறைந்துகொண்டு வந்தது. என் விரல் தட்டின் நடுவில் பட்டது. புள்ளி புள்ளியாக இருந்தது. கண்ணுக்குத் தெரிய முன்னமே விரலுக்குத் தெரிந்துவிட்டது. சின்ன வயதில் நான் அந்தப் புள்ளிகளில் விரலை வைத்து வைத்து விளையாடுவேன். ஒரு பிறை, அதற்குக் கீழே கொடி மாதிரி ஒரு வரி. அது சிவபெருமானின் தலையில் இருக்கிற பிறை என்று அம்மா சொல்லித் தந்திருந்தார். கொடி என்று நான் நினைத்தது எழுத்து. சஹீரா மாமி சோற்றை ஒதுக்கியதும் முழுதாகத் தெரிந்தது. அந்த நேரம்தான் அவர், "உங்கட அம்மப்பா மாதிரி ஒரு மனிசன் கிடைக்காது, மகள்" என்று எனக்கு இன்னொரு துண்டை வைத்தார்.

எனக்கு எழும்ப மட்டும்தான் தெரிந்தது. கையைத் தேய்த்தது, அந்த விரலில் புள்ளிகள் ஒட்டிக்கொண்டிருந்தது போல இருந்ததால்.

உண்மையைச் சொன்னால் அம்மப்பா பொய்யர். சொல்லாவிட்டால் நான் அருவருத்தவள். நான் அருவருத்தவளாகவே இருந்துவிடலாம் என்று நினைத்தேன். உங்கள் சாப்பாட்டுப் பெட்டியை நான் யோசிக்கவில்லை. மன்னியுங்கள்.

அவர்கள் படத்தைப் பார்த்து என்ன சொன்னார்கள் என்று எழுதுங்கள். எதுவாக இருந்தாலும் எழுதுங்கள்.

லக்ஷிகா


யாழ்ப்பாணம்
29.06.2025

லக்ஷி,

நாங்கள் சுகம். உன் கடிதம் வந்து பல நாள். பதில் எழுத இருக்கும்போதெல்லாம் சுவரில் அப்பப்பாவின் படம் எனக்கு நேரே இருந்தது. இன்று கடையில் இருந்து எழுதுகிறேன்.

முதலில் உன்மேல் கோபம் வந்தது. அப்பப்பாவைப் பொய்யர் என்று எழுத உனக்கு எப்படி மனம் வந்தது என்று கேட்கத்தான் பேனையை எடுத்தேன். பிறகு அல்பத்தை எடுத்துப் பார்த்தேன். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன், சாமான்களுக்கு நடுவில் பிறை தெரிகிறது. அதற்குப் பிறகு யாரோடு கோபப்படுவது என்று தெரியவில்லை. அப்பாவிடம் கேட்டேன். "அது உன்ர மாமியின்ர சீதனச் சாமான், எனக்கென்ன தெரியும்" என்று பேப்பரை முகத்துக்கு மேலே தூக்கிக்கொண்டார்.

நீ கேட்டதை எழுதுகிறேன். அந்த ஞாயிற்றுக்கிழமை சஹீரா மாமி சிரித்துச் சிரித்துத்தான் படங்களைப் பார்த்தா. அந்தப் படம் வந்ததும் கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டா. "இந்தத் தட்டு ஆரின்ர?" என்று கேட்டா. நான் என்ன கண்டேன்? "மாமியின்ர சீதனத் தட்டு. ஒக்லாந்துக்கும் கட்டிக்கொண்டு போனவ" என்று பெருமையாகச் சொன்னேன். அவ தட்டின் நடுவில் விரலை வைத்துப் பார்த்தா. பிறகு அல்பத்தை மூடி என் மடியில் வைத்துவிட்டுத் தேத்தண்ணி போட எழும்பினா. தேத்தண்ணியில் சீனி இல்லை. நான் குடித்தேன்.

அடுத்த நாள் பஸ்மியா சாப்பாட்டுப் பெட்டியைக் கொண்டுவந்து என் முன்னால் திறந்து வைத்தாள். "உம்மா சொன்னவ, அந்தப் பிள்ளையில பிழை இல்லையாம். ஏன் எண்டு கேட்டால் சொல்லுறா இல்லை" என்றாள். என் யோசனை பலித்துவிட்டது என்று அன்று நான் இரண்டு பேருக்கும் ஐஸ்கிறீம் வாங்கினேன்.

இப்போது தெரிகிறது. அவ அந்த இடத்திலேயே எல்லாவற்றையும் விளங்கிக்கொண்டுவிட்டா. உன்னை விடுவித்துவிட்டா. நாங்கள்தான் மாட்டிக்கொண்டு நிற்கிறோம். பஸ்மியா தன் கையால் எனக்குக் கத்தரிக்காய் வைக்கிறாள். எனக்கு இறங்குவதில்லை.

அப்பப்பா இல்லை. யாரிடம் என்ன கேட்பது? எனக்கு ஒன்றும் ஓடவில்லை. உனக்கு ஏதும் ஓடினால் எழுது.

வித்தியா


ஒடாஹுஹு
20.07.2025

அன்புள்ள மச்சாள்,

உங்கள் கடிதத்துக்கு நன்றி. எல்லோருடைய சுகத்துக்கும் வேண்டிக்கொள்கிறேன். இங்கே விடாமல் மழை.

அம்மாவிடம் கேட்டேன். சனிக்கிழமை காலைகளில் அம்மா எல்லர்ஸ்லியில் ஓர் அலுவலகத்தைத் துப்புரவு செய்கிறார். நான் உதவிக்குப் போவேன். வெறும் கதிரைகளுக்கு நடுவில் நின்றுகொண்டு, "அம்மா, அந்தத் தட்டு" என்று தொடங்கினேன். மேலே வரவில்லை. அம்மா மேசையைத் துடைத்துக்கொண்டே, "தெரியும்" என்றார். "நீ அங்கை போட்டு வந்து சாப்பிடாமல் படுக்கேக்கையே தெரியும்."

பிறகு அவர் சொன்னதை எழுதுகிறேன். என்னைத் திரும்பிப் பார்க்காமல்தான் சொன்னார்.

"தொண்ணூற்றைஞ்சில இடம்பெயரேக்க அப்பா தன்ர ரேடியோவை விட்டுட்டு அந்தத் தட்டைத்தான் சைக்கிளில கட்டினவர். அம்மா பேசினவ. அவர் கேக்கேல்லை. அமானிதம் எண்டு சொல்லித் தந்தவை, நம்பித் தந்தது, அதை விட்டுட்டுப் போகேலாது எண்டவர். தென்மராட்சியில இருந்த காலம் முழுக்கத் தலைமாட்டில வைச்சிருந்து, திரும்பியும் கொண்டுவந்தவர்."

"பிறகு ஏன் இல்லை எண்டவர்?" என்று கேட்டேன்.

அம்மா துடைத்த மேசையையே மறுபடி துடைத்தார். "எனக்குக் கலியாணம் பேசின நேரம். மாப்பிள்ளை வீட்டார் பாத்திரம் பாக்க வரேக்க அதையும் நடுவில வைச்சிட்டினம். அம்மாதான் வைச்சவ. அவையள் அதைத்தான் தூக்கித் தூக்கிப் பாத்தவை. அடுத்த கிழமை சஹீராவும் புருசனும் தாங்கள் போயிருந்த புத்தளத்தில இருந்து பஸ்ஸில வந்து வாசலில நிக்கினம். நான் அறைக்கதவுக்குப் பின்னால. அப்பா திரும்பி என்னைப் பாத்தவர். நான் தலையை ஆட்டினனான்."

எந்தப் பக்கம் ஆட்டினார் என்று அம்மா சொல்லவில்லை.

தட்டைத் திருப்பிக் கொடுப்போம் என்று நான் சொல்லியிருக்க வேண்டும். வசனம் முழுவதும் வாய்க்குள் இருந்தது. வகுப்பில் நிற்பதுபோல நின்றேன். கடைசியில் குப்பைக்கூடையை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டேன். அம்மாவின் பிழையை நினைத்து வந்த வெட்கத்தைவிட இது எனக்குப் பெரிதாக இருந்தது.

இதற்குள் சஹீரா மாமிக்கு ஒரு கடிதம் வைத்திருக்கிறேன். நீங்கள் படிக்கலாம். பஸ்மியா இல்லாத நேரம் கொடுங்கள்.

லக்ஷிகா


ஒடாஹுஹு
20.07.2025

மதிப்புக்குரிய சஹீரா மாமிக்கு,

நீங்களும் வீட்டில் எல்லோரும் நலமாக இருக்க வேண்டும். நான் வித்தியாவின் மச்சாள் லக்ஷிகா. கந்தூரி அன்று உங்கள் சஹனில் இருந்து எழும்பிப் போனவள்.

நான் அருவருத்து எழும்பவில்லை. சோறு நல்ல ருசி. நீங்கள் எனக்குத் தள்ளிவிட்ட துண்டுகளை எல்லாம் நான் சாப்பிட்டேன். கூட இருந்த ஐந்து பேரையும் பாதியில் நிறுத்திவிட்டேன். அவர்களிடமும் என் மன்னிப்பைச் சொல்லுங்கள்.

ஏன் எழும்பினேன் என்பது உங்களுக்குத் தெரியும் என்று வித்தியா மச்சாள் எழுதியிருக்கிறார். அதை என் கையால் எழுத முயன்றேன். இந்தத் தாள் நாலாவது தாள்.

உங்கள் பதிலை எதிர்பார்க்க எனக்கு உரிமை இல்லை.

லக்ஷிகா


யாழ்ப்பாணம்
02.09.2025

அன்பு மகள் லக்ஷிகாவுக்கு, சஹீரா எழுதுவது.

நாங்கள் அல்லாஹ்வின் உதவியால் நலம். நீயும் உம்மா வாப்பாவும் நலமாக இருக்க துஆச் செய்கிறேன்.

எனக்கு உன்னில் கோபம் இருந்தது. மாட்டிறைச்சி என்று நினைத்து எழும்பினாயாக்கும் என்று நினைத்தேன். அது ஆடு. உங்கள் ஆட்கள் வருவார்கள் என்று நாங்கள் கந்தூரியில் மாடு சேர்ப்பதில்லை. இதைச் சொல்லிவிட வேண்டும் என்று இவ்வளவு நாளும் மனதில் கிடந்தது.

பஸ்மியாவிடம் நான் ஒன்றும் சொல்லவில்லை. அவளுக்கு வாய் கூட.

தட்டு இல்லை என்று உன் அம்மப்பா சொன்ன நாளில் எங்களுக்குத் தேத்தண்ணி தந்தார். அவர் கண் கலங்கியிருந்தது. எங்கள் சாமானைத் தொலைத்துவிட்ட கவலை என்று நினைத்து நான்தான் அவருக்கு ஆறுதல் சொன்னேன். அதை நினைத்தால் இப்போது என்னில்தான் எனக்குச் சிரிப்பு வருகிறது. இருபது வருசத்துக்கு மேலாக அவரைப் பற்றி ஊரெல்லாம் சொல்லி வந்திருக்கிறேன். இனி என்ன சொல்வது என்று தெரியவில்லை. அடுத்த கந்தூரிக்கு யாரும் கேட்டால் பேச்சை மாற்றிவிடுவேன்.

எங்கள் வீட்டில் கதவு போனது, நிலை போனது, கிணற்றுக் கப்பிகூடப் போனது. யார் கழற்றியது என்றும் தெரியும். ஒருவரிடமும் போய்க் கேட்கவில்லை. கேட்டது அந்த ஒரு தட்டைத்தான். என்னுடையது என்றால், "உன் உம்மாவுக்கு நான் தந்தது, இருக்கட்டும்" என்று இன்றைக்கே எழுதிவிடுவேன். அது என்னுடையது இல்லை, மகள். மஸ்தான் அவுலியாவின் வாசலுக்கு ஒரு பெண் வைத்த நேர்த்தி. அதை வைத்துக்கொள் என்று சொல்ல எனக்கும் உரிமை இல்லை. என் மாமனார் மௌத்தாகும்வரை அதை என்னிடம்தான் கேட்டார். நான்தானே வேலியால் கொடுத்தவள்.

உன் உம்மா ஊருக்கு வந்தால் தலையிடி என்று வீட்டில் இருக்க வேண்டாம். நான் ஒன்றும் கேட்கமாட்டேன். வந்தால் வரட்டும்.

நீ இன்னும் மெலிந்துபோகாமல் சாப்பிடு.

சஹீரா


ஒடாஹுஹு
11.10.2025

மதிப்புக்குரிய சஹீரா மாமிக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. நீங்களும் பஸ்மியாவும் மற்றவர்களும் நலமாக இருக்க வேண்டிக்கொள்கிறேன். நாங்கள் நலம். நான் சாப்பிடுகிறேன்.

உங்கள் கடிதத்தை அம்மாவிடம் கொடுத்தேன். வாயால் சொல்ல முடியாததால் கையில் கொடுத்துவிட்டு வேலைக்குப் போய்விட்டேன். கடிதம் என் தலையணைக்குக் கீழே திரும்பி வந்திருந்தது. இரண்டு கிழமை நாங்கள் சோறு, மழை, பஸ் இவற்றைப் பற்றி மட்டும் கதைத்தோம்.

நேற்று வெள்ளிக்கிழமை. வேலையால் வந்து பார்த்தேன். சாமிப்படங்களுக்குக் கீழே ஒரு எவர்சில்வர் தட்டு இருந்தது. விளக்கும் குங்குமமும் அதற்கு மாறியிருந்தன. பெரிய தட்டு என் கட்டிலில் இருந்தது, துடைத்து, அம்மாவின் பருத்திச் சேலை ஒன்றில் சுற்றி. அம்மா குசினியில் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வெங்காயம் வெட்டினார்.

ஒன்றை முன்கூட்டியே சொல்ல வேண்டும். பிறையின் புள்ளிகளுக்குள் குங்குமம் இறுகிப்போயிருக்கிறது. நான் ஊசியால் ஒவ்வொன்றாக எடுத்தேன். முழுதாகப் போகவில்லை. நீங்கள் ஈயம் பூசக் கொடுக்கும்போது மறைந்துவிடும் என்று நினைக்கிறேன். மறையாவிட்டால் மன்னியுங்கள்.

இன்று மத்தியானம் தட்டைத் தூக்கிக்கொண்டு ஒடாஹுஹு கடைத்தெருவில் இருக்கிற தபால் இடத்துக்கு நடந்தேன். அம்மா வாசல்வரை வந்தார். அதற்கு மேல் வரவில்லை. தபால் இடத்தில் எனக்குப் பின்னால் ஆட்கள் நின்றார்கள். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த தொங்கா நாட்டுப் பெண்மணி பெட்டியை நிறுத்துப் பார்த்துவிட்டு, இது பரிசா என்று கேட்டார்.

இல்லை என்று சொன்னேன். அவருக்குக் கேட்கவில்லை. காதை என் பக்கம் சாய்த்தார்.

பின்னால் நின்றவர்களுக்கும் கேட்கும்படி, இல்லை, இது அவர்களுடையது என்று மறுபடி சொன்னேன்.

லக்ஷிகா